கேம் ஆட பிளாஸ்மாவா, எல்சிடியா?

பாளையங்கோட்டையில் சித்தப்பா வீட்டில் ஒரு பழைய 42 இன்ச் பிளாஸ்மா டிவி இருக்கிறது, "ஏல, வேணும்னா எடுத்துட்டுப் போ" என்றார். எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது, ஏனென்றால் பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் இருட்டுக் காட்சி நல்ல கருப்பாகத் தெரியும், கார் ரேஸில் வண்டி சீறும்போதும் படம் அவ்வளவாகக் கலங்காது. எல்சிடியில் பின்னால் விளக்கு எரிவதால் கருப்பு கொஞ்சம் சாம்பல் பூத்துவிடும்.

ஆனால் கேமில் ஸ்கோரும் மேப்பும் மணிக்கணக்கில் ஒரே மூலையில் அசையாமல் நிற்குமே! அந்த இடத்து பாஸ்பர், அதாவது திரைக்குள் ஒளிரும் பூச்சு, மட்டும் சீரில்லாமல் தேய்ந்து, நிழல் போலத் தழும்பு தங்கிவிடும். நான் லீவு முழுக்க ஒரே கேமை ஆடுகிறவன். அப்புறம் சூடு. நம்மூர் சித்திரை வெயிலில், சின்ன அறையில், அது வேறு அனலடிக்கும், கரண்டும் கூடுதலாக இழுக்கும். பானாசோனிக் 2013-லும் சாம்சங் 2014-லும் பிளாஸ்மா தயாரிப்பையே நிறுத்திவிட்டதால் உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டும்.

சரி, எல்சிடிதான். வாங்கும்போது கேம் மோடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், படத்தை மெருகேற்றும் வேலைகளை அது குறைத்துவிடுவதால் பட்டனை அழுத்தியதும் ஆள் குதிப்பான். வண்ணார்பேட்டைக் கடைக்குக் கன்சோலையே தூக்கிக்கொண்டு போய் ஆடிப் பார்த்துத்தான் எடுத்தேன்.