தனிப் பட்டாவுக்காக உயர் நீதிமன்றம் சென்ற அனுபவம்

எங்கள் தந்தையார் பெயரும் பெரியப்பா பெயரும் சேர்ந்திருந்த கூட்டுப் பட்டாவிலிருந்து எங்கள் பங்கை உட்பிரிவு செய்து தனிப் பட்டா வழங்குமாறு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தோம். பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ் அனைத்தையும் இணைத்திருந்தோம். பெரியப்பா மகன் ஆட்சேபனை கொடுத்திருப்பதாக வாய்மொழியாகச் சொன்னார்களே தவிர, விண்ணப்பத்தை ஏற்பதாகவோ நிராகரிப்பதாகவோ எழுத்தில் எதுவும் வரவில்லை. நிராகரித்திருந்தால்கூட மேல்முறையீடு செய்திருக்கலாம்; உத்தரவே இல்லாதபோது எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? மாதங்கள் கடந்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை மனு, அதாவது அதிகாரிக்கு ஆணையிடுமாறு நீதிமன்றத்தைக் கேட்கும் ‘ரிட்’ மனு, தாக்கல் செய்வது என்று முடிவெடுத்தோம்.

எங்கள் வழக்கறிஞர் உடனே மனுவை எழுதத் தொடங்கவில்லை. முதலில் வட்டாட்சியருக்கு விரிவான கோரிக்கை மனு ஒன்றை ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பச் சொன்னார். கடமையைச் செய்யுமாறு அதிகாரியிடம் கேட்டோம், அவர் செய்யவில்லை என்பதற்கு ஆதாரம் இருந்தால்தான் கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை, அதாவது வழக்கறிஞர்கள் ‘மேண்டமஸ்’ என்று சொல்வது, கேட்க முடியும் என்றார். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: கையெழுத்தாகித் திரும்பி வந்த அந்த அட்டையைப் பத்திரத்துக்கு இணையாகப் பாதுகாத்து வையுங்கள்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. எந்தச் சட்டம் வட்டாட்சியருக்கு இந்தக் கடமையை விதிக்கிறது என்பதே அந்தக் கேள்வி. அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்ட சலுகைக்கு மேண்டமஸ் கிடைக்காது. சட்டம் சுமத்திய கடமையாக இருக்க வேண்டும். எங்கள் வழக்கில் அது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம். நிலமும் நில ஆவணங்களும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருப்பதால், அச்சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம் அல்ல, நம் சட்டமன்றம். வட்டாட்சியர் கையிலுள்ள அதிகாரம் அவருடைய பதவியின் பெருமையிலிருந்து வருவதில்லை, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இயற்றிய சட்டத்திலிருந்து வருகிறது. ஆகவே அந்தச் சட்டம் குறிக்கும் எல்லைக்குள் செயல்படுவதோடு, அது கேட்கும் வேலையைச் செய்து முடிக்கவும் அவர் கடமைப்பட்டவர். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த சட்டத்தின் ஆட்சி என்னும் கோட்பாட்டை, எங்கள் பிரமாணப் பத்திரத்தின் பத்திகளில்தான் நான் உண்மையாகப் படித்தேன்.

மனுவில் மாவட்ட ஆட்சியர் முதல் எதிர்மனுதாரர், கோட்டாட்சியர் இரண்டாமவர், வட்டாட்சியர் மூன்றாமவர், பெரியப்பா மகன் நான்காமவர். ஆட்சியரை எதிர்மனுதாரராகச் சேர்க்க யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. உயர் நீதிமன்றம் எந்த நபருக்கும், எந்த அதிகார அமைப்புக்கும், உரிய நேர்வுகளில் அரசாங்கத்துக்கேகூட ஆணை பிறப்பிக்கலாம் என்று அரசமைப்பின் 226ஆம் பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றத்துக்கு வழிவிடும் 32ஆம் பிரிவு அடிப்படை உரிமைகளுக்கு மட்டும் உரியது. 226 அதைவிட அகன்றது, மற்றச் சட்ட உரிமைகளுக்கும் இடமளிப்பது. எங்களைப் போன்ற சாதாரணக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது இந்தப் பிரிவுதான் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2004 ஜூலையில் மதுரைக் கிளை தொடங்கப்பட்டதால், தென் மாவட்டத்தவர்கள் அதற்காகச் சென்னை வரை போக வேண்டியதும் இல்லை.

நீதிமன்றத்தின் பதிவகம் சில குறைகளைச் சுட்டி மனுவைத் திருப்பியது. சரிசெய்து கொடுத்ததும் வழக்கு எண்ணிட்டார்கள். விசாரணைக்கு வந்த நாளில் முதல் மூன்று எதிர்மனுதாரர்களுக்காக அரசு வழக்கறிஞர் நோட்டீஸ் பெற்றுக்கொண்டார்.

நீதிமன்றமே பட்டா வழங்கச் சொல்லிவிடும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். வந்த உத்தரவு வேறு மாதிரி இருந்தது. கோரிக்கையின் தகுதி குறித்து எந்தக் கருத்தும் தெரிவிக்காமல், எங்களுக்கும் நான்காம் எதிர்மனுதாரருக்கும் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்து, சட்டப்படி பரிசீலித்து, எட்டு வாரங்களுக்குள் உத்தரவு பிறப்பிக்குமாறு வட்டாட்சியருக்கு நீதிமன்றம் கட்டளையிட்டது. “இதற்காகவா இவ்வளவு செலவு?” என்று அம்மா வருந்தினார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. நிலத்தை அளப்பதும் ஆவணங்களை ஒப்பிடுவதும் சட்டமன்றம் வருவாய்த் துறையிடம் ஒப்படைத்த வேலை. சொத்தின் உரிமை யாருக்கு என்று சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. உயர் நீதிமன்றம் அதிகாரியின் நாற்காலியில் தானே அமர்ந்துகொண்டால், அந்த அதிகாரியைக் கேள்வி கேட்க வேறு யார் இருப்பார்கள்? அதிகாரப் பிரிவினை என்பது ஒவ்வோர் உறுப்பும் தன் வீட்டுக்குள் கதவை அடைத்துக்கொள்வது அல்ல. ஒன்று மற்றொன்றின் வேலையைப் பறிக்காமலே, அதைச் செய்ய வைக்க முடிவதுதான் அதன் வலிமை. ஆட்சேபித்தவரையும் கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் சேர்த்த அந்த ஒரு வரி, எங்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் நியாயமானது என்றே அன்றும் நினைத்தேன்.

உத்தரவின் சான்றிட்ட நகல் கிடைத்ததும் அதை முகப்புக் கடிதத்துடன் வட்டாட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, மற்றொரு பிரதியில் தேதியுடன் முத்திரை பெற்றுக்கொண்டோம். இந்தத் தேதி முக்கியம். உத்தரவு நிறைவேற்றப்படாவிட்டால், அரசமைப்பின் 215ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு அளிக்கும் அதிகாரத்தின்படி அவமதிப்பு மனு போடலாம். ஆனால் 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் அதற்கு ஓராண்டு வரம்பு வைத்திருக்கிறது.

எங்களுக்கு அது தேவைப்படவில்லை. கெடு முடிவதற்குள் இரு தரப்புக்கும் நோட்டீஸ் வந்தது. நில அளவர் வந்து அளந்தார். வட்டாட்சியர் இருவரையும் விசாரித்தார். கிணறு இருக்கும் சிறு பகுதியைக் கூட்டுப் பட்டாவிலேயே நிறுத்திவிட்டு, மற்றதற்கு உட்பிரிவு எண்ணுடன் தனிப் பட்டா வழங்கி, ஆட்சேபனையை ஏன் பகுதியளவே ஏற்றார் என்பதற்கான காரணங்களையும் எழுத்தில் பதிந்து உத்தரவிட்டார். பெரியப்பா மகன் அதை ஏற்கவில்லை. அதே 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்திருக்கிறார். அது அவருடைய உரிமை. எங்கள் தரப்புப் பதிலைத் தாக்கல் செய்துவிட்டோம்.