வெயில் அடித்தால் போதுமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், நேப்பாள மலைநடைப் பயணங்களை ஏற்பாடு செய்யும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தீபாவளி முடிந்ததும் போன் ஓயாது. பெரும்பாலும் அன்னபூர்ணா அடிவார முகாம், 4,130 மீட்டர். நம் ஆட்கள் பத்துமலைப் படிகளிலும் புரோகா குன்றிலும் ஏறி இறங்கிக் காலைப் பழக்கிக்கொள்கிறார்கள். பனியைப் பழக இங்கே வழியில்லை.

"அக்கா, ஆப்ல நல்ல வெயில் காட்டுதே, அப்புறம் எதுக்குக் கூடுதலா ரெண்டு நாள்?" என்று கேட்காதவர் குறைவு. வெயில் அடித்தாலும் பனிச்சரிவு வரலாம் என்பதுதான் காரணம். அதை நான் அவசரப்படாமல் விளக்கிச் சொல்வேன்.

குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாகத்தான் கிடக்கும். அடியில் தரை ஏறத்தாழ 0 டிகிரி, மேலே இரவுக் காற்று அதைவிடப் பல டிகிரி குளிர். அந்த மெல்லிய அடுக்குக்குள் நீராவி மேல்நோக்கி நகர்ந்து, அடிப்பனியைப் பெரிய மணிகளாக மாற்றிவிடும். அவை சீனி மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டாது. இதை வளர்ப்பதே மேகமில்லாத குளிர் இரவுகள்தான். பிறகு புதுப்பனி விழுந்து, காற்று அதை இறுக்கிப் பாளமாக்கினால், 30 முதல் 45 டிகிரி சரிவில் ஒரு ஆள் கால் வைத்தாலே அந்தப் பாளம் மொத்தமும் சரிந்து கிளம்பிவிடலாம். வானம் அப்போது நீலமாகவே இருக்கும்.

நாங்கள் அனுப்பும் பாதையில் இன்னொரு சிக்கல். வழியில் தியூராலி என்ற தங்குமிடத்தைத் தாண்டினால் ஹியுன்சுலி மலையின் சரிவுகளுக்குக் கீழே நடக்க வேண்டும். மேலே எவ்வளவு பனி தேங்கியிருக்கிறது என்பது பாதையிலிருந்து தெரியாது. 2020 ஜனவரியில் அங்கே பனிச்சரிவில் தென்கொரியர் நால்வரும் நேப்பாளிகள் மூவரும் இறந்தார்கள். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹூட்ஹூட் புயலின் மிச்சம் அன்னபூர்ணா வட்டாரத்தில் பனியாகக் கொட்டி 40க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதனால் இமயமலைக்குப் போகிறவர்கள் வங்கக் கடலையும் கவனிக்க வேண்டும் என்று சொல்லி வருகிறேன்.

"இன்சூரன்ஸ் இருக்கே, ஹெலிகாப்டர் வந்துடும்" என்பார்கள். பனியில் புதைந்தவரைச் சுமார் 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். ஹெலிகாப்டர் அதற்குள் வராது.

விடுப்பு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கனத்த பனி பெய்தால் ஓரிரு நாள் கீழே தங்க இடமில்லாத பயணத்திட்டத்தை நான் போட்டுக் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு வேறு இடம் போனவர்களும் உண்டு. போகட்டும். திரும்பும் தேதி நெருக்கினால், போக வேண்டாம் என்று வழிகாட்டி தடுத்தாலும் ஆட்கள் நடந்துவிடுவார்கள். அதனால் உடல்தகுதியைக் கேட்பதற்கு முன்பே, திரும்பும் டிக்கெட்டின் தேதியை மாற்ற முடியுமா என்றுதான் கேட்கிறேன்.