பகடைக்கு வயசாகாது

ஜூலை 6
கதிரியக்கத்தைப் பலகையிலேயே முடித்துவிடலாமா, பகடையை உருட்டிச் செய்து பார்க்கவைக்கலாமா என்று இன்னும் ஊசலாட்டம்.

ஜூலை 7
16 நாள் கழித்து கதிரியக்க அயோடின்-131 எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டால் கால் பங்கு என்று யோசிக்காமல் சொல்வார்கள். அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 8 நாள்; இரண்டு முறை பாதியாக்கினால் போதும். "ஒரே ஒரு அணுதான் இருக்கிறது, அது எப்போது சிதையும்?" என்று கேளுங்கள். "8 நாள்ல, மிஸ்." போன வருடம் மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. தனி அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் குரல்தான் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஜூலை 8
குழுவாக உட்காரவைப்பதில் எனக்குப் பெரிய பக்தி கிடையாது. நாலு பேரைக் கூட்டி சார்ட் எழுதச் சொன்னால், கையெழுத்து நன்றாக இருப்பவர் எழுதுவார். மற்ற மூவர் ஸ்கெட்ச் பேனாவைத் திறந்து மூடுவார்கள். உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் பாடத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அடுத்தவர் வாயைத் திறக்காமல் யாருக்கும் பாடம் முழுசாகாது. என் பகடையிலும் அப்படி ஒரு கட்டாயம் வேண்டும். ஒரு மேஜையின் 20 பகடையை வைத்து வளைகோடு வரைந்தால் பல்லிளிக்கும். எல்லா மேஜையையும் கூட்டினால்தான் உருப்படும். அது போதும்.

ஜூலை 9
சத்தம் பற்றி மேலிடத்திலிருந்து மறுபடி. திங்கட்கிழமை வந்து பார்ப்பாராம்.

ஜூலை 12
தூக்கம் இல்லை.

ஜூலை 13
எட்டு மேஜை, மேஜைக்கு 20 பகடை. ஒவ்வொரு பகடையும் ஒரு அணு, ஆறு விழுந்தால் சிதைவு. குலுக்கிப் போடு, ஆறு விழுந்ததை எடுத்து வை, மிச்சத்தை எண்ணு. ஜன்னல் ஓர மேஜையில் 20, 19, 14, 14, 11. "சிதைவே நடக்கல மிஸ்" என்று அந்த இரண்டாவது 14-ஐக் காட்டிப் புகார். பின் மேஜையில் ஒரே வீச்சில் ஆறு பகடை போயிருந்தது. யார் செய்தது சரி என்று இரண்டு மேஜையும் என் முகத்தைப் பார்த்தன. நான் பலகையில் கூட்டிக்கொண்டிருந்தேன்: 160, 135, 110, 94, 76. நாலாவது வீச்சுக்குச் சற்று முன்பே பாதி. கணக்குப்படி 3.8 வீச்சு!

பத்து வீச்சு தாண்டியும் தப்பித்த ஒரு பகடையை ஒருவன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவை இது கண்டிப்பா போயிடும்" என்றான். பக்கத்தில் இருந்தவள் நிமிராமலே கேட்டாள்: "பத்து தடவை தப்பிச்சோம்னு அதுக்கு எப்படிடா தெரியும்?"

நான் சொல்ல வைத்திருந்த வாக்கியம் அது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

வந்து பார்ப்பதாகச் சொன்ன மேலிடத்துக்காரர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "பாடம் எப்போ ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 14
"நேத்து ஒண்ணும் நடத்தல, நோட்ஸ் குடுங்க மிஸ்." வகுப்பில் பாதிப் பேர். ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. தாங்களே செய்து கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். ராத்திரி படிக்க ஆறுதலாக இருந்தது. காலையில் எடுபடவில்லை. நோட்ஸ் கொடுத்தேன்.

ஜூலை 15
ஒரு பகடை குறைகிறது.

ஜூலை 16
நோட்ஸ் கேட்ட கூட்டத்திலிருந்தே ஒருத்தி வந்தாள். அரை ஆயுள் சூத்திரத்தில் லாம்டாவை, அதாவது சிதைவு மாறிலியை, ஆறில் ஒன்று என்று வைத்து 0.693-ஐ அதால் வகுத்தால் அரை ஆயுள் 4.16 வீச்சு வருகிறதாம். "நம்ம கிராஃப்ல 3.8 தானே?" சந்தோஷத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. பகடை நாம் வீசும்வரை காத்திருக்கும், அணு யாருக்கும் காத்திருக்காது. அந்தச் சூத்திரம் ஒவ்வொரு கணமும் நடக்கும் சிதைவுக்கு எழுதியது. அதற்குள் பின் மேஜைக்காரன் குறுக்கே வந்தான். அப்படியானால் வீச்சுக்குக் கொஞ்சமே போகும் 20 முகப் பகடையில் இந்த இடைவெளி சதவீதத்தில் சுருங்க வேண்டுமே என்றான். உட்கார்ந்து போட்டோம்: சூத்திரத்தில் 13.86, வீச்சில் 13.51. சுருங்குகிறது.

நாளைக்கு எல்லோருமாகச் செய்து பார்ப்போம் என்றேன். நாளைக்கு அலகுத் தேர்வு என்றார்கள்.