முப்பதாயிரத்துக்குக் கீழே

ரத்தவியல் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்து வருபவர்கள் பரிசோதனைச் சீட்டைத்தான் முதலில் நீட்டுவார்கள். நான் வாயைத் திறக்கச் சொல்வேன். கன்னத்தின் உட்புறம் கருஞ்சிவப்புக் கொப்புளம் இருக்கிறதா, ஈறு கசிகிறதா என்று விளக்கடித்துப் பார்ப்பேன். அடுத்து கணுக்கால். அங்கே குண்டூசித் தலை அளவில் செம்புள்ளிகள் இருந்தால் விரலால் அழுத்துவேன். சாதாரணத் தடிப்பு அழுத்தினால் வெளிறிவிடும். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் வெளிறாது. சீட்டிலுள்ள எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சையை முடிவு செய்ய முடியாது என்பதை அந்த அறையில்தான் கற்றுக்கொண்டேன்.

ஐ.டி.பி. என்று நாங்கள் சொல்லும் இந்த நோயில், உடலின் எதிர்ப்பொருள்கள் சொந்தத் தட்டணுக்கள் மீதே ஒட்டிக்கொள்கின்றன. மண்ணீரல் அவற்றைப் பிடித்து அழிக்கிறது. ஈடுகட்டும் அளவுக்கு எலும்பு மஜ்ஜையும் உற்பத்தி செய்வதில்லை. 12 மாதங்களைத் தாண்டினால் நாட்பட்டது என்கிறோம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய தட்டணுக்கள் 40,000 இருந்தாலும், ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். 30,000-க்குக் கீழே இறங்கும்போதுதான் மருந்துப் பேச்சு தொடங்கும். இதைக் குடும்பத்தினருக்குப் புரியவைப்பதுதான் கடினம். சும்மா இருக்கச் சொல்கிறார்களே என்று கலங்கிப் போவார்கள்.

ஒரு தச்சர் நினைவுக்கு வருகிறார். நோயெதிர்ப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் தட்டணு எண்ணிக்கை ஏறும். அளவைக் குறைத்தால் ஈறில் ரத்தம் வரும். முகம் உப்பி, தூக்கம் கெட்டு, வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டை ஆண்டுக்கணக்கில் இழுப்பதை நான் வெறுக்கிறேன். முதல் சிகிச்சையாகத் தரும்போதே ஆறு வாரங்களுக்குள் நிறுத்திவிடப் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். அவர் அதைக் கடந்து வெகுதூரம் வந்திருந்தார்.

மருத்துவர் வழிகளைச் சொல்லிவிட்டுப் போன பிறகு, "எது நல்லது, சிஸ்டர்?" என்று தச்சர் என்னைக் கேட்டார். மண்ணீரலை எடுத்துவிட்டால் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும் என்பது கூட வந்த அண்ணனின் கட்சி. 1916-இல் பிராகில் மருத்துவ மாணவராக இருந்த பால் காஸ்நெல்சன் முன்வைத்த யோசனை அது. இன்றும் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு நீடித்த பலன் தருகிறது. ஆனால் முன்கூட்டியே தடுப்பூசிகள் போட வேண்டும். பிறகு ஆயுள் முழுவதும் காய்ச்சல் வந்தால் உடனே ஓடிவர வேண்டும். நோய் தானாகத் தணியவும் வாய்ப்புண்டு என்பதால் முதல் ஓராண்டுக்குள் அவசரப்படுவதில்லை. எதிர்ப்பொருள் உருவாக்கும் செல்களைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தை ஏற்றினால் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதலில் கேட்கும். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் சிறு பகுதியினரிடமே அந்தப் பலன் நிலைத்திருக்கும். ஹெபடைட்டிஸ் பி இல்லை என்று உறுதி செய்யாமல் அதைத் தொடவே கூடாது.

மஜ்ஜையைத் தூண்டும் மருந்துகள் 2008-இல் வந்தன. ரோமிப்ளாஸ்டிம் வாரம் ஒருமுறை ஊசி. எல்ட்ரோம்போபாக் தினமும் மாத்திரை. நான் அவரிடம் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு எழுவீர்கள், காலையில் என்ன சாப்பிடுவீர்கள், வாரம் ஒரு நாள் வேலையை விட முடியுமா என்று கேட்டேன். வேலையை விட முடியாது, விடிந்ததும் பால் குடிப்பேன் என்றார். பாலிலுள்ள கால்சியம் அந்த மாத்திரையை உடலில் சேரவிடாது. பால் குடித்தால் நான்கு மணி நேரம் கழித்தே மாத்திரை போட வேண்டும், மாத்திரைக்குப் பின் இரண்டு மணி நேரம் பால் கூடாது. "ராத்திரி படுக்கும் முன் போடட்டுமே" என்றார் மனைவி. அந்த ஒரு வரியில் முடிவு வந்துவிட்டது.

ரம்பம் பிடிப்பவருக்கும் மேசையில் உட்கார்ந்து எழுதுபவருக்கும் 25,000 என்ற எண் ஒரே பொருள் தருவதில்லை. அதையும் மருத்துவர் கணக்கில் கொண்டிருந்தார்.

பின்னர் அவர் எண்ணிக்கை 60,000-ஐ ஒட்டி நின்றது. ஈறு கசியவில்லை, ஸ்டீராய்டும் நின்றுவிட்டது. ஒன்றரை லட்சம் ஆகவில்லையே, மாத்திரையைக் கூட்டக் கூடாதா என்று அண்ணன் கேட்டார். 50,000-க்கு மேல் வைத்திருப்பதே இந்த மருந்தின் குறிக்கோள், அதற்கு மேல் துரத்தினால் ரத்தக்கட்டி உருவாகும் அபாயம் கூடும் என்று விளக்கினேன். அவர் முழுதாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. தச்சரோ, கல்லீரல் பரிசோதனைக்கு அடுத்து எப்போது வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.