பாகிஸ்தானின் முகமது சமி ஏன் மங்கினார்? கேஸ் ஸ்டடி எழுதப் போகும் பயிற்சியாளர் தேர்வர்களுக்கு

"நம்பிக்கை தந்த ஒரு வேகப்பந்து வீச்சாளரின் சர்வதேச வாழ்க்கை மங்கியதற்கான காரணங்களை ஆராய்க." பயிற்சியாளர் படிப்பிலும் உடற்கல்விப் படிப்பிலும் கேஸ் ஸ்டடி என்று வந்தால் இந்த மாதிரிக் கேள்விக்குத் தயாராக இருப்பது நல்லது. உதாரணத்தைப் பாகிஸ்தானில் தேடுவது சரியான முடிவுதான், அங்கே ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் யாரை எடுக்கிறோம் என்பதிலேயே பாதி மதிப்பெண் போய்விடும்.

முகமது ஜாஹித் 1996 இல் ராவல்பிண்டியில் நியூசிலாந்துக்கு எதிரான அறிமுக டெஸ்டிலேயே 130 ரன்களுக்கு 11 விக்கெட் எடுத்தவர். முதல் டெஸ்டில் 10 விக்கெட்டைத் தாண்டிய முதல் பாகிஸ்தானியர் அவர்தான். பிறகு முதுகு கெட்டது. மொத்தமே 5 டெஸ்ட், 15 விக்கெட். முகமது ஆசிஃப் 23 டெஸ்டில் 24.36 சராசரியில் (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்) 106 விக்கெட் எடுத்தவர். 2010 லார்ட்ஸ் ஸ்பாட் ஃபிக்ஸிங் சூதாட்டத்தோடு அவர் கதை முடிந்தது. இவர்களை எடுத்தால் "காயம்", "தடை" என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிடலாம். மீதிப் பக்கங்களில் ஆராய்வதற்கு எதுவும் இருக்காது, கதை சொல்ல வேண்டியதுதான்.

கராச்சியில் 1981 இல் பிறந்த முகமது சமிக்கு அப்படி ஒரு ஒற்றைக் காரணம் கிடையாது. வாழ்க்கையை முடித்துவிட்ட பெரிய காயம் இல்லை, சூதாட்டத் தடை இல்லை. மணிக்கு 145 கி.மீ. வேகத்தை எளிதாகத் தொட்டார், வாய்ப்பும் திரும்பத் திரும்பக் கிடைத்தது. அப்படியும் 36 டெஸ்டில் 85 விக்கெட், சராசரி 52.74. ஐம்பது விக்கெட்டுக்கு மேல் எடுத்த வேகப்பந்து வீச்சாளர் எவருக்கும் பார்க்கவே சங்கடமான எண் இது. தேர்வுக்கு எடுக்க வேண்டியது இவரைத்தான்.

முதலில் "நம்பிக்கை தந்த" என்ற சொல்லையே சோதித்துப் பாருங்கள். பெரும்பாலான விடைகள் அதைக் கேள்வியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த பத்திக்கு ஓடிவிடுகின்றன. சமியின் அறிமுகம் மார்ச் 2001, ஆக்லாந்து. அந்த டெஸ்டில் 106 ரன்களுக்கு 8 விக்கெட், அதில் இரண்டாம் இன்னிங்ஸில் 36 ரன்களுக்கு 5. நியூசிலாந்துக்கு இலக்கு 431, அவர்கள் 131 இல் சுருண்டார்கள். அதே இன்னிங்ஸில் மறுமுனையில் சக்லைன் முஷ்டாக் 24 ரன்களுக்கு 4 எடுத்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேகத்தில் தப்பித்தால் சுழலில் மாட்டிக்கொள்ளும் நிலை எதிரணிக்கு. புதிய பையனுக்கு இதைவிட வசதியான தொடக்கம் கிடைக்காது.

அடுத்தது ஹாட்ரிக். 2002 பிப்ரவரியில் ஷார்ஜாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஒருநாள் போட்டியில் ஒன்று, மார்ச்சில் லாகூரில் இலங்கைக்கு எதிராக ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் இன்னொன்று. ஸ்கோர்கார்டைத் திறந்து பார்த்தால், டெஸ்ட் ஹாட்ரிக்கில் விழுந்த மூவர் சரித்த புத்திக, நுவன் சொய்சா, முத்தையா முரளிதரன். சங்கக்காரா 230 அடித்து, இலங்கை 528 எடுத்த இன்னிங்ஸ் அது. வால் பகுதியை, அதாவது கடைசியில் இறங்கும் பேட்ஸ்மேன்களை, யார்க்கரால் துடைப்பது பெரிய திறமை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் ஆறு பேட்ஸ்மேன்களை வீழ்த்துவது வேறு வேலை. ஹாட்ரிக்கை நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டும்போது இந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொன்னாலே விடையின் தரம் உயரும்.

இனி எண்கள். சராசரியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவதுதான் இந்தக் கேள்வியில் நடக்கும் பெரிய தவறு. சராசரி என்பது இரண்டு எண்களின் பெருக்கல்: ஸ்ட்ரைக் ரேட்டை (ஒரு விக்கெட்டுக்கு வீசிய பந்துகள்) எகானமியால் (ஓவருக்குக் கொடுத்த ரன்) பெருக்கி 6 ஆல் வகுத்தால் சராசரி வரும். சமிக்கு ஏறத்தாழ 88 பந்துக்கு ஒரு விக்கெட், ஓவருக்குச் சுமார் 3.6 ரன். பெருக்கி வகுத்தால் 52.8, பதிவில் உள்ள சராசரிக்கு அருகில் வந்துவிடுகிறது. "ரன்னை வாரி வழங்கினார், அதனால் போனார்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். சரி, அவருடைய எகானமியை 3.0 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். சராசரி 44 க்குத்தான் இறங்கும், அப்போதும் அணியில் நிலைக்க முடியாது. மாறாக எகானமி 3.6 ஆகவே இருக்கட்டும், ஸ்ட்ரைக் ரேட்டை 50 ஆக்கிப் பாருங்கள். சராசரி 30. ஆக, ரன் கொடுத்தது இரண்டாம் பிரச்சினை. விக்கெட் விழாததுதான் முதல் பிரச்சினை. சோயிப் அக்தருக்கும் ஓவருக்கு 3.37 ரன் போயிருக்கிறது, ஆனால் அவருக்கு 46 பந்துக்குள் ஒரு விக்கெட் வந்துவிடும், சராசரி 25.69. இந்தச் சிறு கணக்கை விடைத்தாளின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எந்தக் காரணமும் "ஏன் விக்கெட் விழவில்லை" என்ற கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஊர்ப்பேச்சு.

வாய்ப்புக் குறைவு என்ற வாதத்தையும் இதே எண்கள் முடித்துவைக்கும். ஒரு டெஸ்டுக்கு சராசரியாக 35 ஓவருக்கு அருகில் வீசியிருக்கிறார். வந்தது 2.4 விக்கெட்கூட இல்லை.

அடுத்து வரும் சாக்குகள் ஆடுகளமும் விட்ட கேட்ச்களும். இரண்டிலும் உண்மை உண்டு. 2004 முல்தான் டெஸ்டில் இந்தியா 5 விக்கெட்டுக்கு 675 எடுத்து டிக்ளேர் செய்தது, சேவாக் 309. அந்தத் தரையில் எந்த வேகப்பந்து வீச்சாளரும் நொந்துதான் போவார். கீப்பர் கமரான் அக்மல் விட்ட கேட்ச்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஒரு காரணியைத் தனிப்படுத்த வேண்டுமென்றால், அதே போட்டிகளில் அதே தரையில், அதே கீப்பரை வைத்துக்கொண்டு மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதே முறை. ஸ்டாட்ஸ்குரு போன்ற பதிவுத் தளத்தில் இன்னிங்ஸ் வாரியாகப் பட்டியல் எடுத்து, அவர் ஆடிய டெஸ்ட்களில் மற்ற பாகிஸ்தான் வேகங்களின் விக்கெட்டையும் ரன்னையும் தனியாகக் கூட்டுங்கள். ஒரு மாலை வேலை இது. தரையும் கேட்ச்களும்தான் காரணம் என்றால் மற்றவர்களின் சராசரியும் ஐம்பதைத் தொட்டிருக்க வேண்டும்.

இந்த ஒப்பீட்டுக்குக் கைக்கு அடக்கமான ஒரு போட்டி வேண்டுமென்றால் ஜனவரி 2010 சிட்னி. பச்சைத் தரை, மேகமூட்டம். ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 127. ஆசிஃப் 41 ரன்களுக்கு 6, சமி 27 ரன்களுக்கு 3. நீண்ட இடைவெளிக்குப் பின் வந்து, தரை உதவியபோது சமி அருமையாக வீசினார் என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் வேகத்தில் அவருக்குக் கீழே இருந்த ஆசிஃப் ஆறு எடுத்ததைப் பாருங்கள். இருவர் வீசியதையும் வீடியோவில் வைத்து, பந்து விழும் இடத்தை ஒரு தாளில் குறியுங்கள். ஆசிஃபின் புள்ளிகள் ஒரு சிறிய கட்டத்துக்குள் அடங்கிவிடும். பேட்ஸ்மேன் ஆட வேண்டுமா விட வேண்டுமா என்று ஒவ்வொரு பந்துக்கும் முடிவெடுக்க வேண்டிய கட்டம் அது. போதாததற்குப் பந்து இரு பக்கமும் அசையும். அந்தப் போட்டியைப் பாகிஸ்தான் 36 ரன்னில் கோட்டைவிட்டது வேறு வயிற்றெரிச்சல்.

வேகம் எவ்வளவுதான் உதவும் என்பதையும் கணக்கிட்டே காட்டலாம். பாப்பிங் கிரீஸிலிருந்து (ஸ்டம்புகளுக்கு முன்னால் இருக்கும் கோடு) எதிர் பாப்பிங் கிரீஸுக்கு 17.68 மீட்டர். 145 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 40.3 மீட்டர், பந்து வந்து சேர 0.44 நொடி. 130 கி.மீ. என்றால் 0.49 நொடி. காற்றிலும் தரையிலும் பந்து வேகம் இழப்பதால் உண்மை நேரம் இதைவிடக் கொஞ்சம் கூடும், ஆனால் வித்தியாசம் ஏறத்தாழ அதேதான்: நொடியில் இருபதில் ஒரு பங்கு. பந்து நேராக, எதிர்பார்த்த உயரத்தில் வந்தால் சர்வதேச பேட்ஸ்மேனுக்கு அந்த வித்தியாசம் இரண்டு ஓவரில் பழகிவிடும். சமி உயரமானவர் அல்ல, அவருடைய பந்து எகிறாமல் வழுக்கிக்கொண்டு வரும். புதுப்பந்து பளபளப்பு போன பிறகு, பழைய பந்து ரிவர்ஸ் ஆகும் (வழக்கத்துக்கு எதிர்ப் பக்கம் வளையும்) முன்பு, டெஸ்டில் சுமார் 15 முதல் 40 ஓவர் வரை ஒரு வறண்ட நேரம் உண்டு. அசைவும் எகிறலும் இல்லாத வேகப்பந்து அந்த நேரத்தில் பேட்டுக்கு வசதியாகப் போய்ச் சேரும். விளிம்பில் பட்டால்கூட நான்கு.

இதே ஆள் இங்கிலாந்தில் என்ன செய்தார் என்பது இந்த வாதத்துக்கு நல்ல துணை. 2003 இல் கென்ட் அணிக்காக நாட்டிங்ஹாம்ஷயருக்கு எதிராக மெய்ட்ஸ்டோனில் ஒரே போட்டியில் 114 ரன்களுக்கு 15 விக்கெட். அங்கே வீசும் டியூக்ஸ் பந்தும் இங்கிலாந்து வானிலையும் கொடுத்த அசைவு, அவருடைய வேகத்தோடு சேர்ந்தபோது வந்த விளைச்சல் இது.

ஒருநாள் பதிவைத் தவிர்த்துவிட்டு எழுதினால் விடை நொண்டும். 87 போட்டியில் 121 விக்கெட், சராசரி 30 க்குள். 2003 டிசம்பரில் லாகூரில் நியூசிலாந்துக்கு எதிராக 10 ரன்களுக்கு 5. டெஸ்டுக்கும் ஒருநாளுக்கும் இவ்வளவு இடைவெளி ஏன்? ஒருநாள் போட்டியில் பேட்ஸ்மேன் காத்திருக்க முடியாது, அடித்தே ஆக வேண்டும். அடிக்கப் போகிறவனுக்கு 145 இல் வரும் யார்க்கர் ஆபத்து. டெஸ்டில் அவன் அவசரப்படத் தேவையில்லை, மோசமான பந்து வரும்வரை நின்றால் போதும். சமி ஓவருக்கு ஒன்றாவது கொடுத்துவிடுவார் என்று தெரிந்த பிறகு, அடுத்த ஐந்து பந்துகளை விட்டுவிடுவதில் பேட்ஸ்மேனுக்கு நஷ்டமில்லை. ரன் கொடுத்ததும் விக்கெட் விழாததும் இணையும் இடம் இதுதான். விடையின் மையப் பத்தியாக இதை வையுங்கள்.

2004 ஆசியக் கோப்பையில் வங்கதேசத்துக்கு எதிராக அவர் வீசிய 17 பந்து ஓவரை எழுத எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஏழு வைடு, நான்கு நோ-பால். எழுதலாம், ஒரு வரிக்கு மேல் வேண்டாம். ஒரே ஒரு ஒருநாள் ஓவர் பதினோரு வருட டெஸ்ட் சராசரியை விளக்காது. அதை எழுதினால் தொழில்நுட்பக் காரணத்தோடு எழுதுங்கள்: வைடும் நோ-பாலும் ஒரே ஓவரில் சேர்ந்து வருகிறதென்றால் ஓட்டத்தின் கடைசிச் சில அடிகள் குலைந்திருக்கின்றன. பாதம் கோட்டைத் தாண்டாமல் இருக்கக் கடைசி அடியைச் சுருக்கினால் உடல் சாய்ந்து பந்து லைனை விட்டுப் போகும். லைனைச் சரிசெய்ய உந்தினால் மறுபடி கோட்டைத் தாண்டும்.

அணிச் சூழலுக்கு ஒரு பத்தி போதும். வசீம் அக்ரமும் வக்கார் யூனிஸும் 2003 உலகக் கோப்பையோடு விலகிய பிறகு, 22 வயதில், சோயிப் ஆடாத நாட்களில் தாக்குதலைத் தலைமை தாங்கும் சுமை சமி மேல் விழுந்தது. ஓரத்தில் இருந்து கற்றுக்கொள்ள வேண்டிய வயது அது. பிறகு உமர் குல், ஆசிஃப் வந்தார்கள். 2008 இல் கிரிக்கெட் வாரியங்கள் ஏற்காத இந்தியன் கிரிக்கெட் லீக் (ஐ.சி.எல்.) பக்கம் போனதால் தேசிய அணிக் கதவு சில காலம் சாத்தியது. இவை வாய்ப்பைக் குறைத்த காரணங்கள். விக்கெட் விழாததற்கு இவை காரணம் அல்ல, இரண்டையும் கலக்க வேண்டாம்.

கேள்வியின் கடைசிப் பகுதி பெரும்பாலும் "பயிற்சியாளராக நீங்கள் என்ன செய்வீர்கள்" என்று இருக்கும். "லைன், லெங்த் பயிற்சி அளிப்பேன்" என்று எழுதினால் மதிப்பெண் வராது. அளவு சொல்லுங்கள். ஸ்டம்பிலிருந்து 6 முதல் 7.5 மீட்டர் வரை, ஆஃப் ஸ்டம்பை ஒட்டி ஒரு கட்டம் போட்டு, முழு வேகத்தில் 24 பந்து. கட்டத்துக்குள் விழுந்தவற்றை முதல் ஆறு, கடைசி ஆறு என்று தனித்தனியாக எண்ணுங்கள். முதல் ஆறு நன்றாக இருந்து கடைசி ஆறு சிதறினால் பிரச்சினை உடல்திறனில் இருக்கிறது. முதலிலிருந்தே சிதறினால் ஆக்‌ஷனிலோ ஓட்டத்திலோ தேட வேண்டும். ஓட்டத்தின் தொடக்கத்தைக் காலடி எண்ணி வைக்காமல் டேப்பால் அளந்து குறிக்கச் சொல்லுங்கள். வேகத்தை 10 சதவீதம் குறைத்து அதே 24 பந்தை இன்னொரு நாள் வீசவைத்து ஒப்பிடுங்கள். துல்லியம் பெரிதாக ஏறவில்லையென்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்வது வீண், இருக்கும் ஆயுதத்தையும் பிடுங்குவதாகவே முடியும்.

பயன்படுத்தும் விதத்தையும் பரிந்துரையில் சேருங்கள். 2016 பி.எஸ்.எல். (பாகிஸ்தான் சூப்பர் லீக்) டி20 தொடரில் இஸ்லாமாபாத் யுனைடெட் அணிக்காக 8 ரன்களுக்கு 5, அதே ஆண்டு மார்ச்சில் கொல்கத்தாவில் இந்தியாவுக்கு எதிரான டி20 உலகக் கோப்பைப் போட்டியில் தவனையும் ரெய்னாவையும் அடுத்தடுத்த பந்துகளில் வீழ்த்தினார். அப்போது வயது 35. அவருடைய கடைசி டெஸ்ட்கள் 2012 இலங்கைப் பயணத்தோடு முடிந்துவிட்டன. இரண்டு மூன்று ஓவர் ஸ்பெல், பந்து ரிவர்ஸ் ஆகும் நேரம், வால் பகுதி பேட்ஸ்மேன்கள்: டெஸ்டிலும் இந்த இடங்களில் மட்டும் இவரை இறக்கி, இடையிலுள்ள வறண்ட ஓவர்களை வேறொருவரிடம் கொடுக்கும் திட்டத்தை எழுதுங்கள். அதற்கு ஐந்து பந்துவீச்சாளர்கள் தேவை, ஆறாம் இடத்தில் ஆல்ரவுண்டர் இல்லாத அணியில் இது ஓடாது என்ற தடையையும் நீங்களே குறிப்பிடுங்கள். தேர்வாளர் அடுத்து கேட்கப் போவது அதைத்தான்.