பேறுகால மனச்சோர்வுக்கு ரத்தப் பரிசோதனை தேடி அலைந்த அனுபவம்

பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வருமா என்பதை ரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடுவோம் என்று எந்த ஆய்வகமாவது பணம் கேட்டால், தயவுசெய்து கட்டிவிடாதீர்கள். முதல் பேறுகாலத்தில் மாதக்கணக்கில் அந்தச் சோர்வில் கிடந்தவள் நான். இரண்டாவது பிள்ளை உண்டானதும் திருநெல்வேலியில் வண்ணார்பேட்டைக்கும் பாளையங்கோட்டைக்கும் அலைந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

2013-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், ஏற்கெனவே மனநிலைக் கோளாறு இருந்த 52 கர்ப்பிணிகளின் ரத்தத்தை ஆராய்ந்து, எச்பி1பிபி3, டிடிசி9பி என்னும் இரண்டு மரபணுக்களில் உள்ள மெத்தில் குறிகளை (மரபணுவின் வரிசையை மாற்றாமல் அதன் செயல்பாட்டைக் கூட்டிக் குறைக்கும் வேதிக் குறிகளை)க் கொண்டு யாருக்குச் சோர்வு வரும் என்பதை ஏறத்தாழ 85 சதவீதம் சரியாகக் கணித்தார்கள். அந்தச் செய்தியைக் காட்டி ஒரு தனியார் ஆய்வகத்தில் கேட்டபோது, “எல்லாம் இருக்கு, பணத்தக் கட்டிருங்க” என்றார்கள். வந்த அறிக்கையிலோ எம்டிஎச்எஃப்ஆர் என்ற வேறொரு மரபணு இருந்தது. அது ஃபோலிக் அமிலத்தை உடல் பயன்படுத்துவதோடு தொடர்புடையது. அதன் வரிசை பிறவியிலேயே அமைந்துவிடுவது. நான் கேட்ட மெத்தில் குறிகளோ ஹார்மோனுக்கும் மன அழுத்தத்துக்கும் ஏற்ப மாறக்கூடியவை. “ரெண்டும் ஜீன் டெஸ்ட்தானம்மா” என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

மெத்தில் குறிகளைப் பார்க்கும் அந்தப் பரிசோதனை அப்போது ஆய்வு நிலையில்தான் இருந்தது என்பதையும், முன்பு ஒருமுறை வந்திருப்பதே பெரிய எச்சரிக்கை என்பதையும் பிறகு ஒரு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மனநலப் பிரிவுக்குப் போனால், பழைய சிகிச்சைச் சீட்டு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சீட்டைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் உதவியது, பேறுகால மனச்சோர்வு இருக்கக்கூடுமா என்று பார்க்க 1987-இல் உருவான எடின்பரோ வினாத்தாள்தான். கடந்த ஏழு நாள் மனநிலையைப் பற்றிய பத்துக் கேள்விகள், தமிழிலும் உண்டு. செவிலியர் தாமே வாசித்து நிரப்பிக்கொண்டு வந்து, தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்வியை, “இதெல்லாம் உங்களுக்கு இருக்காது” என்று தாண்டப் பார்த்தார். பக்கத்தில் அத்தை நிற்கையில் யார்தான் உண்மையைச் சொல்வார்கள்? அத்தையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தாளை வாங்கி நானே நிரப்பினேன். பொதுவாக மொத்த மதிப்பெண் 13 அல்லது அதற்கு மேல் போனால் முழுமையான மனநலப் பரிசோதனை வேண்டும் என்பார்கள். அத்துடன் தைராய்டு, ஹீமோகுளோபின் அளவுகளையும் கேட்டுப் பாருங்கள். ரத்தம் கொடுப்பதானால் இவற்றுக்குக் கொடுப்பதில் பயன் உண்டு.

பிரசவம் நல்லபடியாக முடிந்தது. தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிப் போனபோது அதே தாளை மறுபடி கேட்டு வாங்கி நிரப்பினேன். மதிப்பெண் கூடியிருந்ததால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். இந்த முறை சிகிச்சை ஆரம்பத்திலேயே தொடங்கிவிட்டது. இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.