கம்பஸில் நிற்கிற பெடியன்: ஒரு லீஃப்ஸ் ரசிகனின் நாட்குறிப்பு

ஏப்ரல் 8, 2022, வெள்ளி

நேற்றிரவு ரிவியில் எங்கள் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் டலஸோடு ஆடிய ஐஸ் ஹொக்கி ஆட்டம், மடியில் லப்ரொப்பில் பொஸ்ரனில் நடந்த கல்லூரி ஹொக்கி அரையிறுதி. ரிவியில் ஒஸ்ரன் மத்தியூஸ் இந்தப் பருவத்தின் 55ஆவது கோலை அடித்தார். ரிக் வைவ் நாற்பது வருடமாக வைத்திருந்த 54 என்ற லீஃப்ஸ் சாதனை அத்தோடு முடிந்தது. நான் போட்ட சத்தத்தில் அப்பா தேத்தண்ணியைச் சாரத்தில் ஊத்திக்கொண்டார்.

மடியில் மினசோட்டா பல்கலைக்கழகம், மினசோட்டா ஸ்ரேற்றிடம் 5-1 என்று தோற்றது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதுவும் எனக்குச் சந்தோசம்தான். லீஃப்ஸ் தெரிவுசெய்து வைத்திருக்கும் மத்தியூ நைஸ் ஆடுவது மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு; அவனின் கல்லூரிப் பருவம் முடிந்துவிட்டது. இனி ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு ரொறன்ரோவுக்கு வரவேண்டியதுதானே?

கழகங்கள் முறைவைத்து இளம் ஆட்டக்காரரை எடுக்கிற 2021 தெரிவில் லீஃப்ஸுக்கு மொத்தமே மூன்று பேர்தான் கிடைத்தார்கள். முதல் சுற்று இடத்தை ஏற்கெனவே கொலம்பஸுக்குக் கொடுத்தாயிற்று. இரண்டாம் சுற்றில், 57ஆவதாகக் கிடைத்தவன் இந்த நைஸ். அரிசோனாவில் வளர்ந்தவன், மத்தியூஸைப் போல. தாய் தகப்பன் ஸ்லோவாக்கியாவிலிருந்து போனவர்கள். பெப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கு ஆடினான். காலிறுதியில் அவர்களை வெளியே அனுப்பியது யார் என்று பார்த்தால், அதே ஸ்லோவாக்கியா. அந்த வீட்டில் அன்றைக்கு என்ன கதைத்திருப்பார்கள் என்று நான் இப்பவும் யோசிப்பதுண்டு.

மே 15, 2022, ஞாயிறு

எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் சுற்றுத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், சொந்த மண், ரம்பாவிடம் 2-1. நிக் போல் என்பவர் இரண்டு கோலும் அடித்தார். ஜோன் தவரெஸ் அடித்ததை இல்லை என்று அழித்தார்கள். 54 வெற்றி, 115 புள்ளி, கழக வரலாற்றிலேயே இல்லாத பருவம், பிறகும் முதல் சுற்றோடு வீடு. 2004க்குப் பிறகு ஒரு தொடரைக்கூட வெல்லவில்லை. கடைசியாகக் கிண்ணம் 1967இல். அப்பா அப்போது யாழ்ப்பாணத்தில் ஹொக்கி என்ற சொல்லைக் கேட்டிருக்கவே மாட்டார்.

மூலையில் பலகையோடு சேர்த்து ஆளை அமத்தி, பக் என்கிற அந்த ரப்பர் தட்டைப் பறித்துக்கொண்டு வர ஒரு தடித்த இடதுபக்கக்காரன் எங்களிடம் இல்லை. அப்படி ஒருவன் இருக்கிறான், ஆனால் இங்கே இல்லை.

செப்ரெம்பர் 17, 2022, சனி

நைஸ் வரமாட்டான், இரண்டாம் வருடமும் மினசோட்டாவிலேயே என்று தெரிந்தபோது இதை எழுதியிருக்கவேண்டும். கோபத்தில் கை வரவில்லை. பெயருக்கு ஏற்றபடி நைஸாக நழுவிவிட்டான் என்று அத்தான் சொன்னதற்குக்கூடச் சிரிக்கவில்லை.

இன்று மருமகளின் பிறந்தநாள். கேக் வெட்டி முடியவில்லை, நாங்கள் நாலு பேர் கராஜுக்குள் கதிரையைப் போட்டு அதே கதை. அத்தானுக்கு நைஸ் துரோகி. “ஒரு வருசத்துக்கு 925,000 டொலர் மச்சான், எங்களுக்கு ஆரும் தந்தா கம்பஸில நிப்பமோ?” என்பது அவரின் வாதம். தம்பி எதிர்ப்பக்கம். கல்லூரியில் வாரக்கடைசியில் இரண்டு ஆட்டம்தான், மிச்ச நாளெல்லாம் பயிற்சியும் உடம்பு தேற்றலும். இங்கே வந்தால் லீஃப்ஸின் கீழணியான மார்லீஸில் போட்டு பஸ்ஸில் ஊர் ஊராக இழுப்பார்கள். அங்கே லோகன் கூலி, ஜிம்மி ஸ்னகருட் என்று இரண்டு முதல் சுற்றுப் பெடியள் புதிதாக வருகிறார்கள், அவர்களோடு ஆடினால் ஆள் இன்னும் தேறுவான் என்றான். தம்பி சொல்வது சரி என்று எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சல்.

என் பயம் வேறு. இந்த ஊரில் பலருக்கும் அதே பயம்தான், வெளியே சொல்வதில்லை. கல்லூரிக்குப் போனவனின் உரிமை கழகத்திடம் என்றென்றைக்கும் இருக்காது. நாலு வருடமும் படித்து முடித்து, அந்த ஓகஸ்ட் 15 வரை கையெழுத்துப் போடாமல் இருந்தால் எந்த ரீமுக்கும் போகலாம். நைஸுக்கு அந்தத் திகதி 2025. ஜிம்மி வீசி அதைத்தான் செய்தார். அவரை 2012இல் நாஷ்வில் கழகம் எடுத்தது. ஹாவர்டில் நாலு வருடம் முழுக்க ஆடிவிட்டு, அவர்களுக்கு மாட்டேன் என்றார். அந்த 2016 கோடை எனக்கு நல்ல ஞாபகம். அவரின் தகப்பன் லீஃப்ஸின் ஆள்தேடுநர், அவரின் தம்பியை லீஃப்ஸ் தெரிவுசெய்து வைத்திருந்தது, இனி வேறெங்கே போவார் என்று நாங்கள் எல்லோரும் சட்டை வாங்காத குறை. அவர் நியூயோர்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். பிறகு அடம் ஃபொக்ஸ். கல்கரி எடுத்தது, கரோலினாவுக்குக் கை மாறியது, கடைசியில் அவரும் ரேஞ்சர்ஸ். அவரும் ஹாவர்ட்தான். இரண்டு பேருமே 66ஆவது தெரிவு! சாத்திரம் பார்க்கிறவன் இல்லை நான், ஆனாலும் 57 என்பது 66க்குக் கொஞ்சம் கிட்டத்தான்.

மனைவி வடைத் தட்டோடு வந்தவள் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். “ஏனப்பா, எங்கட மூத்தவன் ரெண்டாம் வருசத்தோட கம்பஸை விடப்போறன் எண்டு நிண்டா என்ன செய்வியள்?” ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூத்தவன் பக்கத்திலேயே நின்று வடை தின்றுகொண்டிருந்தான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

அப்பாவுக்கு மட்டும் முழுத் திருப்தி. “படிக்கட்டும். காலை உடைச்சுக்கொண்டா பிறகு என்ன செய்யிறது?” இதே வசனத்தை நான் கிரிக்கெற் ஆடின காலத்தில் எனக்கும் சொன்னவர்.

பெப்ரவரி 18, 2023, சனி

நேற்றிரவு சென்ற் லூயிஸிலிருந்து ரையன் ஓரைலியைப் பிடித்துவிட்டார்கள். கொடுத்தவற்றில் இந்த வருட முதல் சுற்றுத் தெரிவும் போயிற்று. பட்டியலை இரண்டுதரம் வாசித்தேன், நைஸின் பெயர் இல்லை. அப்பாடா.

மார்ச் 26, 2023, ஞாயிறு

மினசோட்டா மீண்டும் கடைசி நாலுக்குள். கனிசியஸை 9-2, சென்ற் கிளவுட் ஸ்ரேற்றை 4-1 என்று வென்றார்கள். நைஸ், கூலி, ஸ்னகருட் மூவரும் ஒரே வரிசையில் ஆடுவதைப் பார்க்க, தம்பியின் வாதத்துக்கு வட்டியோடு கொடுக்கவேண்டியிருக்கிறது. நைஸ் போன வருடம் 15 கோல், இந்த வருடம் 20ஐத் தாண்டிவிட்டான். பக்கை வைத்துக்கொண்டு நிற்கும்போது முதுகைக் காட்டித் திரும்புகிறானே, பின்னால் வருகிறவனுக்குச் சுவரில் மோதினது போல. போன வருடம் அது இல்லை.

கோபம் போய்விட்டதா என்று கேட்டால், பாதி.

ஏப்ரல் 9, 2023, உயிர்த்த ஞாயிறு

நேற்று இறுதியாட்டம், ரம்பாவில். ஆம், அதே ரம்பா, எங்களை அனுப்பிவைத்தவர்களின் அரங்கம். மினசோட்டா 2-0 என்று முன்னால் நின்றது. கடைசி மூன்று நிமிடத்துக்குள் குயினிப்பியாக் கோல்காவலரை வெளியே எடுத்து, அந்த இடத்தில் இன்னொரு ஆட்டக்காரரை இறக்கி 2-2 ஆக்கியது. மேலதிக நேரம் தொடங்கியது. நான் கோப்பையை மேசையில் வைத்து நிமிரும்போது எல்லாரும் கையுறைகளை எறிகிறார்கள். பத்து செக்கன். பத்தே பத்து செக்கனில் குயினிப்பியாக்கின் முதல் கிண்ணம்.

போன வருடம் அவன் தோற்றபோது சிரித்தவன் நான். நேற்று முடியவில்லை. பெஞ்சில் மினசோட்டாப் பெடியள் தலையைக் குனிந்து இருந்தார்கள். அந்தக் கிண்ணத்துக்காகத்தானே இத்தனை பேரின் ஏச்சையும் கேட்டுக்கொண்டு ஒரு வருடம் நின்றிருப்பான்?

இன்றைக்குக் கையெழுத்து. மூன்று வருட ஒப்பந்தம். அத்தான் தொலைபேசியில் ஒரு நாளும் இல்லாத குரலில் “வந்திட்டான்ரா” என்றார். துரோகி என்ற சொல் எங்கே போயிற்றோ.

ஏப்ரல் 10, 2023, திங்கள்

இன்றே ஆட்டம், ஃபுளோரிடாவில். ரம்பாவும் அதே மாநிலம்தான், அவன் அதை விட்டு வெளியே போகவும் தேவைப்படவில்லை. சட்டை இலக்கம் கல்லூரியில் 89, இங்கே 23. லீஃப்ஸ் மேலதிக நேரத்தில் 2-1 என்று வென்றது.

அப்பா செற்றியில் போர்வையோடு. வழமையாக இரண்டாம் பகுதியிலேயே நித்திரை, இன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

“இவன்தானே அந்தக் கம்பஸ் பெடியன்?”

“ஓம் அப்பா.”

“டிகிரி முடிச்சிட்டானோ?”

“இல்லை. ரெண்டு வருசம்தான்.”

கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப என்னத்துக்கு வந்தவன்?”